மாமாவின் அறையில் புதினா வாசம்

அத்தியாயம் 14

மூக்கு வேலை செய்பவர்களுக்கு ஒரு கஷ்டம் என்றால், செய்யாதவர்களுக்கு வேறொரு கஷ்டம். இந்தக் குடும்பத்துக்கு இரண்டும் சேர்ந்து வாய்த்திருந்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபது வருஷத்துப் பழைய வீடு. அதில் மாமனார், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. ஒரு வருஷத்துக்கும் மேலாக வீட்டுக்குள் சாக்கடை நாற்றம். வரும், போகும், மறுபடி வரும். பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. ஆசிட் ஊற்றியாயிற்று. சமையலறைத் தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டியாயிற்று. லாரியை வரவழைத்து செப்டிக் டேங்கையே காலி பண்ணியாயிற்று. நாற்றம் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

அதிலும் ஒரு விஷயம். நாற்றம் அதிகமாக அடித்தது மாமனாரின் அறைப் பக்கம்தான். அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், வந்த கையோடு இன்னும் கொஞ்சம் தூக்கும். குளித்த பிறகும் அடிக்கிறதென்றால் என்ன அர்த்தம்? எழுபத்தாறு வயசு, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன உடம்பு. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள், அவரிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் மனசு புண்படக் கூடாதாம்.

அவருக்கோ வாசனையே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த விஷக்காய்ச்சல் போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. நாற்பது வருஷம் சலவைக் கடை நடத்தியவர். சட்டைக் காலரைப் பார்த்தே ஆளை எடை போடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தன் வாசனையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு படிக்கிற பெண் வீட்டுக்கு வந்தவள், அவர் பக்கத்தில் போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில், "நான் முதியோர் ஹோமுக்குப் போறேன். வியாழக்கிழமை பெரியவ வந்து கூட்டிக்கிட்டுப் போவா" என்று காபி டம்ளரைக் கீழே வைத்தபடி சொன்னார். சொன்னதோடு சரி.

இன்று வியாழக்கிழமை.

மருமகள் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். ஃப்ரேம் எடுத்துக் கொடுத்து, லென்ஸ் அளவு குறிக்கிற வேலை. அந்த வேலையில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஆளுக்குத் தலைவலி வந்துவிடும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வீட்டில் மாதக்கணக்காக இருக்கிற ஒரு நாற்றத்தை மட்டும் அளந்து பார்க்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு அவள்மேலேயே எரிச்சலாக வந்தது. மாமனாரின் மூத்த மகள், அவளுக்கு நாத்தனார், நாலு மணிக்குக் காரோடு வந்துவிடுவாள். அதற்குள் ஏதாவது பண்ணியாக வேண்டும். மாமனாரைக் கடைசி நாள்வரை கூட வைத்துக்கொள்கிறேன் என்று சாகக் கிடந்த மாமியாரிடம் சொன்னவள் அவள்.

கடையில் பக்கத்து மேஜைப் பெண் சொல்லித்தான் 'மூக்கர்' வந்தார். பிளம்பர். ஐம்பது வயசிருக்கும். தெருமுனையில் நின்றே எந்த வீட்டில் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவாராம், அதனால் அந்தப் பெயர். வாசலில் வந்து நின்றவர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கை ஒரு சிந்து சிந்தினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. மூணு நாளா ஜலதோஷம். மூக்கு லீவு போட்டுடுச்சு."

மருமகளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அப்புறம் எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"மூக்கு இல்லேன்னா மூளை இருக்கில்ல. உங்க மூக்கு நல்லா இருக்கா?"

"நல்லாதான் இருக்கு. அதானே பிரச்சினையே."

அவர் வீட்டை ஒரு சுற்று சுற்றினார். சமையலறையில் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். கொல்லைப் பக்கம் சேம்பர் மூடியைக் கம்பியால் நெம்பிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறையில் தரைச் சல்லடையைத் தூக்கி விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"இங்க தண்ணி நிக்குது, சரியா இருக்கு" என்றார். "விஷயம் என்னன்னா, ஒவ்வொரு குழாய்க்கும் அடியில ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கதவு. அது இருக்கிறவரைக்கும் சாக்கடைக் காத்து உள்ள வராது. உங்க வீட்டுல எங்கயோ ஒரு கதவு திறந்து கிடக்கு. எதுன்னுதான் பார்க்கணும்."

"எப்படிப் பார்க்கிறது?"

பையிலிருந்து துணி சுற்றிய இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்தார். "புதினா எண்ணெய். மொட்டை மாடியில காத்துப் போக ஒரு குழாய் நிக்குதுல்ல, அதுல இதை ஊத்தி, மேல ஒரு வாளி வெந்நீர் விடுவேன். வாசனை குழாய் பூராவும் ஓடும். வீட்டுக்குள்ள எங்க புதினா வாசம் வருதோ அங்கதான் ஓட்டை. ஆனா ஒண்ணு, இதை ஊத்தின கையோட நான் உள்ள வரக் கூடாது. என் மேலயே அடிக்கும், உங்களுக்குக் குழப்பமாயிடும். நீங்க சொல்றவரைக்கும் நான் மேலயே உட்கார்ந்திருக்கேன். போன்ல பேசிக்கலாம்."

"அப்போ நான் தனியா..."

"நீங்கதான் மூக்கு. ஜன்னல், ஃபேன் எல்லாத்தையும் மூடிடுங்க. ஒவ்வொரு ரூமா நின்னு நிதானமா மோந்து பாருங்க. எல்லா ரூமும். ஒண்ணு விடக் கூடாது."

எல்லா ரூமும் என்று அவர் சொன்னபோது மருமகள் கூடத்துக் கோடியில் இருந்த கதவைப் பார்த்தாள். அந்த எல்லா ரூமில் மாமனாரின் அறையும் இருந்தது. இத்தனை மாதத்தில் அந்த அறை வாசலில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள், சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்திருக்கிறாள், கேட்காமலே தினம் போர்வையை மாற்றியிருக்கிறாள். அவர் கண்ணெதிரே நின்று மூக்கை உறிஞ்சியதில்லை.

மூக்கர் வெந்நீர் வாளியோடு மாடி ஏறினார். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"ஊத்திட்டேம்மா. ஆரம்பிங்க."

சமையலறையில் நின்றாள். காபித் தூள், சோப்பு, ஈரத் துணி. புதினா இல்லை. கூடத்தில் நின்றாள், இல்லை. மாடிப்படிக்குக் கீழே, இல்லை. மாடியில் தன் படுக்கையறையில் அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தாள். குளியலறையில் குனிந்து சல்லடைமேல் முகத்தை வைத்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே வரலீங்களே."

"எல்லா ரூமும் பார்த்துட்டீங்களா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி."

மாமனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. காலடியில் ஒரே ஒரு பை. நாற்பது வருஷம் ஊரார் துணியை மடித்த கை, தன் ஆயுசையே ஒரு பைக்குள் மடித்து அடக்கிவிட்டது. அவளைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்து ஜன்னல் பக்கமாக நகர்ந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான், யாராவது உள்ளே வந்தால் தள்ளிப் போய்விடுவார். சாப்பிட எல்லோருக்கும் கடைசியில் வருவார். கூடத்தில் உட்கார்ந்தால் ஃபேனைத் தன் பக்கமிருந்து திருப்பி வைப்பார். மருமகள் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள், அதுவும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

"இன்னும் எதுக்கும்மா அந்த ஆளை மாடியில உட்கார வெச்சிருக்கே?" என்றார். "நான்தான் கிளம்பறேனே. எல்லாம் சரியாயிடும்."

"மாமா, இந்த ரூமையும் கொஞ்சம் பார்க்கணும்."

"பாரு."

அவள் அறை நடுவில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பவுடர், பாச்சை உருண்டை, மருந்துத் தைலம். அதற்கெல்லாம் அடியில் லேசாக அந்தப் பழைய நாற்றம். புதினா இல்லை. கண்ணைத் திறந்தபோது மாமனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை மாமா."

"கிட்ட வா."

"மாமா?"

"கிட்ட வாம்மா. என்னை மோந்து பாரு. அறையை இல்ல, என்னை. இத்தனை நாளா எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடி பேசினீங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் முகத்துக்கு நேரா யாராவது சொல்லுங்க. எனக்கு வேற வழியில்ல தெரிஞ்சுக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கடையில் ரசீது கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். மருமகள் ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. குனிந்து அவர் தோள்பட்டைக்குப் பக்கத்தில், காலருக்குப் பக்கத்தில், காதுக்குப் பின்னால், வெட்கத்தை விட்டு நன்றாக இழுத்தாள்.

சோப்பு. கஞ்சி போட்ட துணி. வெயிலில் காய்ந்த பனியன். வேறொன்றுமே இல்லை.

இவ்வளவு கிட்டத்தில் வந்து பார்க்க இத்தனை மாதம் ஆயிற்றா? கடையில் யார் யார் முகத்துக்கோ தினம் இவ்வளவு கிட்டத்தில் போய் அளவெடுக்கிறாள். சொந்த மாமனாரிடம் மூன்றடி தள்ளியே நின்றிருக்கிறாள்.

"சோப்பு வாசனைதான் மாமா வருது. சத்தியமா."

அவர் லேசாகச் சிரித்தார். "நீ நல்ல பொண்ணும்மா. நல்லவங்க இந்த விஷயத்துல நிஜம் சொல்ல மாட்டாங்க."

"இல்ல மாமா, நிஜமாவே..."

"சரி, சரி. மணி மூணாகுது. அவ வர்றதுக்குள்ள இன்னொரு தடவை குளிச்சிடறேன். கார்ல பக்கத்துல உட்காரணும்ல."

காலையிலிருந்து இது மூன்றாவது குளியல். துண்டை எடுத்துக்கொண்டு கைத்தடி தட்டத் தட்டப் பக்கத்துக் குளியலறைக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மருமகள் அவர் கட்டில்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவரிடமிருந்து வரவில்லை. அறையில் மட்டும் அடிக்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது, யார் நம்புவார்கள்?

குளியலறையில் முதல் வாளி சரிந்தது. தண்ணீர் குழாய்க்குள் கடகடவென்று ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

அப்போது வந்தது புதினா.

லேசாக இல்லை. மிட்டாயை வாய்க்குள் போட்டு உடைத்த மாதிரி குப்பென்று மூக்கில் ஏறியது. கூடவே அந்தச் சாக்கடை நாற்றமும். இரண்டும் அவள் காலுக்குக் கீழேயிருந்து வந்தன. சட்டென்று எழுந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் நின்றதும் வாசனை தணிந்தது. இரண்டாவது வாளி சரிந்தது. மறுபடி குப்பென்று வந்தது.

போனை எடுத்தாள். "இங்க வருதுங்க. மாமா ரூம்ல. கட்டிலுக்கு அடியிலேர்ந்து. அவர் பக்கத்துல குளிக்கிறார், தண்ணி ஊத்தறப்ப மட்டும் வருது."

"தண்ணி ஓடறப்ப காத்தை முட்டித் தள்ளும்மா. அந்த ரூம்ல ஏதாவது பழைய குழி இருக்கா?"

"இல்லையே, இது படுக்கிற ரூம்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

இருந்தது. எப்படி மறந்தாள்? இந்த அறை முன்பு துணி துவைக்கிற அறை. மூலையில் ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீர் போக ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு சல்லடை. மாமனார் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி அவரால் மாடி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள்தான் ஓடியாடி நாலே நாளில் இதைப் படுக்கையறையாக மாற்றினாள். அந்தப் பள்ளத்தில் கைத்தடி மாட்டி மறுபடி விழுந்து வைத்தால் என்ன ஆவது என்று அவளுக்குப் பயம். கொத்தனார் தெளிவாகக் கேட்டார், "ஓட்டையை சிமெண்ட் போட்டு அடைச்சிடட்டுமா? காய ரெண்டு நாள் ஆகும்." அவள்தான் சொன்னாள், "நாளைக்கே மாமா வர்றாருங்க. இப்போதைக்குப் பலகையைப் போட்டு மேல விரிப்பை ஒட்டிடுங்க, அடுத்த வாரம் வந்து அடைச்சுக்கலாம்." அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மேலே கட்டில் வந்துவிட்டது. கட்டில்மேல் மாமனார் வந்துவிட்டார்.

தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அந்த வளைவு காய்ந்துபோயிருக்கிறது. நாற்றம் அடிக்கிறதென்று அவர் ஒரு குளியலை இரண்டாக்கினார், இரண்டை மூன்றாக்கினார். அவர் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் சாக்கடைக் காற்றை அவர் கட்டிலுக்கடியிலேயே தள்ளியிருக்கிறது. சுத்தமாக இருக்க இருக்க நாற்றம் கூடியது. பாவி நான், என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

கட்டிலை இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்ததில் கட்டில் கால் தரையைக் கீறியது. விரிப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, சமையலறைக் கத்தியால் கிழித்தாள். ஊறிக் கறுத்துப்போன பலகை. அதை நெம்பியதும் வந்த நாற்றத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நாற்றத்தைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மாமனார் துண்டால் தலையைத் துவட்டியபடி வந்து அறை வாசலில் நின்றார். இழுத்துப் போட்ட கட்டிலையும், கிழிந்த விரிப்பையும், தரையில் மண்டியிட்டிருந்த மருமகளையும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"இதுதான் மாமா நாத்தம். நீங்க இல்ல. இது." பேசப் பேச அழுகை வந்தது. "நான்தான் மூடச் சொன்னேன். அடைக்காம மூடிட்டேன். உங்க தடி மாட்டிக்கும்னு பயந்து... கொத்தனார் கேட்டாரு, நான்தான் வேணாம்னேன்."

அவர் உள்ளே வந்து, அந்தக் கறுத்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். மூக்கை இரண்டு மூன்று முறை உறிஞ்சினார், தெரியாது என்று தெரிந்தும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூக்கர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். புதினாக் கட்டைத் தலையில் கொட்டிக்கொண்டவர் மாதிரி மணத்தார். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "சருகா காய்ஞ்சு கிடக்கு" என்றார். சல்லடையைக் கழற்றி, குழாய் வாயைக் கம்பி நாரால் தேய்த்து, ரப்பர் மூடி வைத்து முறுக்கி, அதன்மேல் சிமெண்ட் பூசினார். பள்ளத்தையும் நிரவி சமமாக்கினார். "நாளைக்குக் காய்ஞ்சிடும். அதுவரைக்கும் கட்டில் இந்தப் பக்கம் கிடக்கட்டும். பாருங்க, அரை மணி நேரத்துல வீடு வீடா இருக்கும்."

நாலு மணிக்கு நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. வீட்டுக்குள் வரும்போதே வகுப்புக்குள் வருகிற நடை. "அப்பாவைச் சரியா கவனிச்சிருந்தா இந்த நிலைமை வருமா?" என்று போனமுறை எல்லோர் முன்னாலும் கேட்டவள் இவள்தான். மருமகள் சிமெண்ட் கையோடு நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், தன் தப்பு உட்பட. நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து, அந்த ஈரச் சிமெண்ட் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் அப்பாதான்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். "போன தடவை நான் கிளம்பறப்ப அப்பா கார் பக்கத்துல வந்து நின்னாரு. நான் ஜன்னலை ஏத்திவிட்டுட்டேன்."

"பார்த்தேன்" என்றார் மாமனார்.

மூக்கர் தன் சாமான்களைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கிளம்பிவிட்டார். விவரமான மனுஷர்.

"குழாய் தப்பு குழாயோட போச்சு" என்றார் மாமனார். "அது கிடக்கட்டும். அவசரத்துல மறந்துட்டே, யாருக்கும் நடக்கும். நான் விழுந்துடக் கூடாதுன்னுதானே பண்ணினே. நான் கேக்கிறது வேற. வீட்டுல எல்லாருக்கும் நான்தான் நாறுறேன்னு தோணிச்சு. சரி. ஒருத்தர்கூட ஏன் என்கிட்ட சொல்லலை?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு..." என்றாள் மருமகள்.

"சொல்லாததால என் மனசு குளுகுளுன்னு இருந்துச்சா? சொல்லியிருந்தா நான் குளிக்கிறேன், டாக்டர்கிட்ட போறேன், அதுலயும் போகலைன்னா அப்பவே தரையைத் தோண்டியிருப்போம். கடைக்கு வர்றவன்கிட்ட, உங்க சட்டையில கறை இருக்கு சார், இது போகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன் நான். சொன்னாத்தான் அவன் வேற சட்டை போட்டுப்பான்."

மருமகள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "தப்புதான் மாமா. நான் வாயைத் திறந்திருக்கணும்."

"நாளைக்கு நிஜமாவே வயசாகி, நான் படுக்கையோட படுக்கையா ஆகி, என்கிட்டேர்ந்தே நாத்தம் வரும். வராம இருக்காது. அப்போ சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சிரிச்சுக்கிட்டே போய் ஜன்னலைத் திறக்க மாட்டியே?"

அவளுக்கு முகம் சுருங்கியது. அதையும் பார்த்திருக்கிறார். "மாட்டேன் மாமா. மாமா, நாறுது, வாங்க குளிப்பாட்டி விடறேன்னு சொல்லுவேன்."

மாமனார் அவளை நெடுநேரம் பார்த்தார். இந்த முறை அவள் முகத்தில் என்ன கண்டாரோ, பையைக் கைத்தடியால் அவள் பக்கம் தள்ளினார். "இதை எடுத்து அலமாரியில வை. வெள்ளைச் சட்டையை மடிக்காதே, மாட்டு."

மருமகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு தாராளமாக வந்தது. "அண்ணி, அந்த ஹோமுக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடலாமா? திங்கட்கிழமைதானே சொல்லியிருப்பீங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

"திங்கட்கிழமையா?" நாத்தனார் நிமிர்ந்தாள். "மூணு மாசமா காத்திருந்து கிடைச்ச ரூம்மா அது."

"மூணு மாசமாவா?"

சொல்லியிருக்கக் கூடாது என்று நாத்தனாருக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆனால் மருமகளின் கண், அவள் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த ஹோம் படிவத்தின்மேல் விழுந்துவிட்டது. நாத்தனார் மறைக்கவில்லை, எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. கீழே மாமனாரின் நடுங்கிய கையெழுத்து. மேலே பெயர், வயசு, வியாதி, மருந்து எல்லாம் வேறொரு கையில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக மளிகைச் சீட்டில் அவள் பார்க்கிற கை. அவள் புருஷனுடைய கை.

"அவனை ஒண்ணும் கேக்காதம்மா" என்றார் மாமனார். "உங்களுக்கு வசதியா இருக்கும்பான்னு வந்து சொன்னான். எனக்குப் புரிஞ்சுது. சரிடா, நானே போறதாச் சொல்றேன், உன் பேர் வேணாம்னேன். எழுதறப்ப அழுதுட்டான். அழுதுக்கிட்டேதான் எழுதினான்."

மருமகள் படிவத்தை மடித்தாள். கோபமா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மூன்று மாதமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இதே மூன்று மாதம் அவளும்தானே மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கேட்க வாயெடுத்தால் அந்தக் கேள்வி தன்னிடமே திரும்பி வந்தது.

நாத்தனார் ஐந்தரை மணிக்குக் கிளம்பினாள். போகும்போது அப்பாவைக் குனிந்து கட்டிக்கொண்டாள், கொஞ்சம் அதிக நேரமே. பேத்தி டான்ஸ் வகுப்பிலிருந்து வர ஏழு மணி ஆகும். மாமனார் களைத்துப்போய், இடம் மாற்றிப் போட்ட கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தார். கதவு ஒருக்களித்திருந்தது. மருமகள் வீட்டின் அத்தனை ஜன்னலையும் திறந்துவிட்டாள். புதினா போய், சிமெண்ட் வாசனை போய், மாலைக் காற்று சுத்தமாக உள்ளே வந்தது.

கணவனுக்கு இரண்டு முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓடும்போது போன் லாக்கரில்தான் கிடக்கும். இன்றைக்கென்று வேண்டுமென்றே கூடுதல் நேரம் வேலை வாங்கிக்கொண்டு போயிருந்தான், அப்பா படியிறங்கிப் போவதைப் பார்க்க முடியாது என்று. காலையில் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பியிருந்தான்.

ஆறு மணிக்கு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மருமகள் சமையலறையிலிருந்து வருவதற்குள் அவன் கூடத்துக்கு வந்துவிட்டான். மை படிந்த கை, சிவந்த கண். கூடத்தின் நடுவில் நின்று, சுற்றிலும் பார்க்காமல், மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். அவன் முகம் கோணியது.

"நாத்தமே இல்ல பாரு" என்றான். குரல் உடைந்திருந்தது. "அப்பா போய் ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள வீடு சுத்தமாயிடுச்சு."

மருமகள் வேண்டாம் என்று கையை உயர்த்தினாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

உள்ளே கட்டில் அசைந்தது. கைத்தடி தரையைத் தேடித் தட்டியது. ஒருக்களித்த கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, கோபமில்லாமல், தூக்கம் கலைந்தவர் சொல்வது போல:

"நான் போகலடா. இங்கதான் இருக்கேன்."